ஒரு புள்ளி வித்தியாசம்

2018-19 ஐ-லீக் சீசனில் எங்கள் மாமா இரண்டு அணிகளின் பக்கமும் நின்றார். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அவருக்குப் பதினைந்து வருஷத்துப் பாசம். சென்னை சிட்டி எஃப்சி, மூன்றாவது ஆண்டாக அந்த லீகில் ஆடிக்கொண்டிருந்த தமிழ்நாட்டு அணி. இந்த இரண்டும்தான் கோப்பைக்குக் கடைசி நாள் வரை மோதப் போகின்றன என்று அக்டோபரில் யாராவது சொல்லியிருந்தால் மாமாவே நம்பியிருக்க மாட்டார். முந்தைய சீசனில் சென்னை சிட்டி எட்டாவது இடம். கீழே இறங்காமல் தப்பியதே பெரிய விஷயம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மாமா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை பொன்மலைக்கு வந்தது. கூடவே ரயில்வே காலனி வந்தது, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வந்தன, விளையாட்டு மைதானங்கள் வந்தன. என் சிறு வயதில் திருச்சியில் ஃபுட்பால் என்றால் பொன்மலைதான். சாயங்காலம் சங்கு ஊதியதும் ஆர்மரி கேட் வழியாக நூற்றுக்கணக்கில் சைக்கிள்கள் வெளியே வரும். அதில் எந்த சைக்கிளின் ஹேண்டில்பாரில் பூட்ஸ் தொங்குகிறதோ அது மாமாவுடையது. லெஃப்ட் அவுட் ஆடுவார். லீவு நாட்களில் என்னை ஸ்ரீரங்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் உட்கார வைப்பார். பந்து வெளியே வந்தால் எடுத்துப் போடுவது என் வேலை. ஆட்டம் முடிந்து காலிலிருந்து துணிப்பட்டையை அவிழ்த்துக்கொண்டே கேட்பார், "பால் இல்லாதப்போ நான் எங்க நின்னேன், பாத்தியா?" என்று. பந்து யார் காலில் இருக்கிறது என்பதைக் குழந்தையும் பார்க்கும்; மற்ற பத்துப் பேரும் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பவன்தான் ஆட்டத்தைப் பார்க்கிறான் என்பார். இன்று வரைக்கும் நான் ஃபுட்பால் பார்ப்பது அவர் கற்றுக்கொடுத்த விதத்தில்தான்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் எங்களோடு ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதி வீட்டுக்கே வந்துவிட்டார். அப்போது வீட்டில் என் அக்கா மகனும் இருந்தான். பள்ளிக்கூடப் பையன், லெஃப்ட் கால்காரன். அவர்கள் இருவருக்கும் நடுவில் நான். எங்கள் தெருவில் கிரிக்கெட் பேசுவதற்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஃபுட்பால் பேச எங்கள் திண்ணை ஒன்றுதான்.

மாமாவுக்கு ஈஸ்ட் பெங்கால் வந்த கதை தஞ்சாவூரிலிருந்து வந்தது. காலியா குலோத்துங்கன் தஞ்சாவூர்க்காரர். நடுக்களத்தில் ஆடியவர். 2003-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப்பை சுபாஷ் பௌமிக் பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால் வென்றபோது அந்த அணியில் இருந்தவர். இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பெக் தேரோ சசானாவை 3-1 என்று அடித்தார்கள். தொடர்ந்து 2003-04 தேசிய லீகையும் ஈஸ்ட் பெங்கால் எடுத்தது. ஒரு மணி நேர பஸ் தூரத்து ஊர்ப் பையன் சால்ட் லேக் மைதானத்தில் அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் ஆடுகிறான் என்பது மாமாவை என்னவோ செய்துவிட்டது. அன்றிலிருந்து சிவப்பும் தங்கமும் அவர் நிறங்கள். குலோத்துங்கன் பின்னால் மோகன் பகானுக்கும் மஹிந்திரா யுனைடெட்டுக்கும் ஆடினார். மாமா ஈஸ்ட் பெங்காலை விடவில்லை.

அந்த 2018, காவிரிக்கரையில் இருப்பவர்களுக்கு மறக்க முடியாத வருஷம். ஆகஸ்டில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. சில நாட்களில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துக்கொண்டு போயின. ஊரே போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. செப்டம்பரில் ஒரு நாள் மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் எழுந்து உள்ளே போனார். தஞ்சாவூரில் பைக் விபத்தில் குலோத்துங்கன் இறந்துவிட்டார். வயது நாற்பதைத்தான் தாண்டியிருந்தது. இந்தியாவின் மிகப் பெரிய கிளப்புகளில் ஆடிய ஒருவர் நம் பக்கத்து ஊரில் போய்ச் சேர்ந்திருக்கிறார், எங்கள் தெருவில் அவர் பெயர் தெரிந்த வீடு எங்கள் வீடு மட்டும்தான். அது எனக்கு இப்போதும் வலிக்கிறது. திருச்சியில் பிறந்த தர்மராஜ் ராவணன் சர்ச்சில் பிரதர்ஸிலும் புனே சிட்டியிலும் தடுப்பாட்டக்காரராக ஆடியவர்; அவர் பெயரையும் எத்தனை பேர் அறிவார்கள்?

லீக் அக்டோபர் 26-ஆம் தேதி கோயம்புத்தூரில் தொடங்கியது. பெயரில்தான் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். இந்தியன் ஏரோஸ் என்ற இளைஞர் அணியை 4-1 என்று வென்றார்கள். பெட்ரோ மான்ஸி மூன்று கோல். உருகுவேயில் பிறந்து ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்தவர். அவரோடு சாண்ட்ரோ ரோட்ரிகஸ், நெஸ்டர் கோர்டில்லோ, ராபர்ட்டோ எஸ்லாவா என்று ஸ்பெயின்காரர்கள். யாரும் பெரிய பெயர் இல்லை. அங்கே கீழ்ப்பிரிவு லீகுகளில் ஆடியவர்கள். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். உரிமையாளர் ரோஹித் ரமேஷ். இவர்களைச் சுற்றி நம் பையன்கள்: எட்வின் சிட்னி வன்ஸ்பால், அஜித்குமார், அலெக்சாண்டர் ரொமாரியோ, மைக்கேல் ரெஜின். கேரளத்திலிருந்து மஷூர் ஷெரீஃப். அசாமிலிருந்து கௌரவ் போரா.

முதல் ஆட்டத்தை டி.வி.யில் பார்த்துவிட்டு மாமா சொன்னது கோல்களைப் பற்றி இல்லை. "கோலி பாலைத் தூக்கி அடிக்கவே மாட்டேங்கறான்டா. கவனிச்சியா?" என்றார். உண்மைதான். நம் லீகுகளில் கோலி பந்தைப் பிடித்தால் ஓங்கி ஒரே உதை, நடுக்களத்தில் தலைகள் மோதிக்கொள்ளும். சென்னை சிட்டியோ பின்னாலிருந்தே ஒருவருக்கொருவர் கொடுத்து, வாங்கி, எதிராளியை இழுத்துவிட்டு, அவன் விட்ட இடத்தில் நுழைந்தது. சாண்ட்ரோவை மட்டுமே பார்க்கச் சொல்வார் மாமா. பந்து வருவதற்கு முன்பே அவர் இரண்டு தோளுக்கும் மேல் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடுவார். பந்து வரும்போது உடம்பு பாதி திரும்பி இருக்கும். வாங்கிய கால் வேறு, கொடுக்கும் கால் வேறு. நடுவில் நிறுத்தி யோசிக்கிற வேலையே கிடையாது. அக்கா மகன் அதை அப்படியே பார்த்து மொட்டை மாடியில் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பழகினான். கீழே அம்மா கத்துவாள்.

நவம்பரில் சென்னை சிட்டி கொல்கத்தா போனது. ஈஸ்ட் பெங்கால் அந்த வருஷம் சாதாரண அணி இல்லை. புதிய முதலீட்டாளர் வந்திருந்தார். ஸ்பெயினிலிருந்து அலெஹாந்த்ரோ மெனெண்டெஸ் பயிற்சியாளர். அந்த ஆண்டு உலகக் கோப்பைக்குப் போன கோஸ்டா ரிகா அணியின் ஜானி அகோஸ்டா பின்களத்தில். அவர்களை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று சென்னை சிட்டி வென்றது. மாமா அன்று இரண்டு பக்க கோலுக்கும் கை தட்டினார். அதே வாரம் கஜா புயல். டெல்டா முழுக்கத் தென்னை சாய்ந்து கிடந்தது, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் நிவாரணப் பொருள் சேர்த்துக்கொண்டிருந்தோம்; ஃபுட்பால் கொஞ்ச நாள் மறந்தே போனது.

மார்கழியில் எங்கள் ஊர் வேறு ஊராகிவிடும். பகல் பத்து, ராப்பத்து, டிசம்பர் 18-இல் வைகுண்ட ஏகாதசி. சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் நடக்க இடமிருக்காது. வெளியூர் உறவினர்களால் வீடு நிறைந்து, டி.வி. ரிமோட் கை மாறிவிடும். அந்த நாட்களில் மாமாவும் பேரனும் மாடிப்படியில் உட்கார்ந்து ஃபோனில் ஸ்கோர் பார்ப்பார்கள். பிறகு பல ஆட்டங்களுக்கு அது ஒன்றுதான் வழி என்று ஆனது. சீசனின் நடுவில் ஐ-லீக் ஒளிபரப்பைக் குறைத்துவிட்டார்கள். மொத்தம் 110 ஆட்டங்களில் 80-ஐத்தான் காட்டுவோம் என்றார்கள். கிளப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. நாட்டின் லீக் என்று பெயர் வைத்துவிட்டு அதைப் பார்க்க விடாமல் செய்தது எந்த விதத்திலும் நியாயம் இல்லை. மிசோரமில், காஷ்மீரில், மணிப்பூரில் அந்தந்த ஊர் மைதானம் நிறைந்த லீக் அது. முதல் தடவையாக மேலே வந்த ரியல் காஷ்மீர் ஸ்ரீநகர் குளிரில் பெரிய அணிகளைத் திணறடித்து மூன்றாவது இடத்துக்கு வந்தது. புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு மினர்வா பஞ்சாப் அங்கே ஆடப் போகவில்லை. ரியல் காஷ்மீருக்கும் ஈஸ்ட் பெங்காலுக்குமான ஆட்டம் டெல்லிக்கு மாறியது. இவ்வளவும் அந்த ஒரே சீசனில்.

ஜனவரியில் ஈஸ்ட் பெங்கால் கோவைக்கு வந்தபோதும் சென்னை சிட்டியே ஜெயித்தது. அதே மாதத்தில்தான் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்குகிறது என்ற செய்தி. பாசல், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகில் ஆடியிருந்த கிளப். மாமாவுக்கு அந்தப் பணத்தைவிட, கூடவே சொல்லப்பட்ட சிறுவர் பயிற்சித் திட்டங்களில்தான் நம்பிக்கை. "பத்து வயசுல பிடிச்சாதான் கால் வளையும்" என்றார்.

மார்ச் 1-ஆம் தேதி கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸை வென்றால் அன்றே கோப்பை. 3-2 என்று தோற்றார்கள். ஆக, கடைசி நாள் மார்ச் 9, சனிக்கிழமை. சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. சென்னை சிட்டிக்குக் கோவையில் நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாபுடன் ஆட்டம். ஈஸ்ட் பெங்காலுக்குக் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன். இரண்டும் ஒரே நேரத்தில், மாலை ஐந்து மணிக்கு. மாமா வெள்ளிக்கிழமை ராத்திரியே முடிவு செய்துவிட்டார். பிளஸ் டூ தேர்வு மாதம், எனக்குப் பள்ளியில் கண்காணிப்பு வேலை இருந்தது. ஆனால் சனிக்கிழமை பரீட்சை இல்லை.

விடியற்காலை மத்திய பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினோம். கரூர், காங்கேயம், பல்லடம். கரூர் தாண்டியதும் வெயில் ஏறியது. மாமா ஜன்னலோரம், மடியில் புளியோதரைப் பொட்டலம். அக்கா மகன் கேட்டான்:

"தாத்தா, இன்னைக்கு யாரு ஜெயிக்கணும்? நிஜமா சொல்லுங்க."

"ரெண்டு பேரும் ஜெயிக்கட்டும்டா."

"அது எப்படி?"

"கணக்குப் போடு. அவன் ஜெயிச்சா 42. நாம ஜெயிச்சா 43. ரெண்டு பேரும் ஜெயிச்சா கப்பு நமக்கு, அவனும் தோக்கல. யாருக்கும் வருத்தம் இல்ல."

பையன் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு சிரித்தான். பதினைந்து வருஷமாக லீக் கோப்பை பார்க்காத ஈஸ்ட் பெங்காலுக்கு வருத்தம் இல்லாமல் எப்படிப் போகும் என்று நான் கேட்கவில்லை. மாமாவுக்கு அது தெரியாதா?

சிங்காநல்லூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து ஸ்டேடியம் போய்ச் சேர்ந்தோம். சுற்றி வர கடைகள். துணிக்கடை, உதிரிபாகக் கடை என்று ஏதேதோ. அவற்றுக்கு நடுவில் புகுந்து போனால் திடீரென்று பச்சைப் புல். கேலரிக்கும் களத்துக்கும் நடுவில் ஓட்டப்பந்தயத் தடம். பார்ப்பவனுக்குத் தூரம் அதிகம்தான். மாமா சிமென்ட் படியில் துண்டை விரித்து உட்கார்ந்ததும் முதலில் தேடியது பந்தை அல்ல, வார்ம்-அப்பில் தனியாக நின்றிருந்த சாண்ட்ரோவை.

மூன்றாவது நிமிஷத்தில் மினர்வா கோல் போட்டது. ரோலண்ட் பிலாலா. எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் சரியாக இடம்கூடப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் இடைவேளை வரைக்கும் சென்னை சிட்டி ஆடியது அந்த சீசனின் சென்னை சிட்டியே இல்லை. அவசரம். ஒரு தொடுதலில் போக வேண்டிய பந்து இரண்டு தொடுதல் எடுத்தது. எட்வின் மட்டும் இங்கும் அங்கும் கையைக் காட்டிப் பின்னாலிருந்தவர்களை நிதானப்படுத்திக்கொண்டே இருந்தார். மாமா அதைக் காட்டினார். "அவனுக்குத் தெரியுது. முன்னால இருக்கறவனுக்குத் தெரியல." பையன் ஃபோனில் கோழிக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இடைவேளையில் 0-0. இங்கே 0-1. பின்வரிசையில் ஒருவர், வெளியூர்க்காரர் போல, கால்குலேட்டரே எடுத்துவிட்டார்.

56-ஆவது நிமிஷம் பெனால்ட்டி. மான்ஸி. அவர் ஓடி வந்த ஓட்டத்தில் ஒரு பதற்றமும் தெரியவில்லை. 1-1. அது அவருக்கு அந்த சீசனின் 21-ஆவது கோல்; சர்ச்சிலின் வில்லிஸ் பிளாஸாவும் 21 போட்டிருந்தார், கோல் பட்டியலில் இருவரும் சமம். ஆனால் சமநிலை போதாது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் போட்டால் அவர்கள் 42, நாம் 41.

69-ஆவது நிமிஷத்தில் கௌரவ் போரா. அவர் தடுப்பாட்டக்காரர். முன்னால் ஏறி வந்து கோல் போட்டார். நேரு ஸ்டேடியம் அன்று எழுப்பிய சத்தம் எங்கள் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும் என்று அக்கா மகன் ஊரில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். ஏறத்தாழ அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தின் மார்க்கஸ் ஜோசப் கோல் போட்டுவிட்டார். இங்கே 2-1, அங்கே ஈஸ்ட் பெங்கால் பின்னால். முன்வரிசையில் சிலர் அப்போதே ஆடத் தொடங்கிவிட்டார்கள். மாமா ஆடவில்லை. பையன் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டார்.

79-இல் ஹைமே சாண்டோஸ் கொலாடோ பெனால்ட்டியில் சமன் செய்தார். 85-இல் லால்டன்மாவியா ரால்டே. ஈஸ்ட் பெங்கால் 2-1.

அந்த 85-க்குப் பிறகு வந்த நிமிஷங்களைப் பற்றித்தான் நான் இதை எழுதவே உட்கார்ந்தேன். கோழிக்கோட்டில் அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். இனி எல்லாம் எங்கள் கண் முன்னால் இருந்த அந்த ஒரு கோல் வித்தியாசத்தில். மினர்வா ஒன்று அடித்துவிட்டால் 20 ஆட்டங்கள், ஐந்து மாசம், எல்லாம் கொல்கத்தாவுக்கு. மினர்வாவுக்கு அந்தக் கோப்பையில் எதுவும் இல்லை. ஆனாலும் அவர்கள் விடவில்லை, ஏறி ஏறி வந்தார்கள். ஒவ்வொரு த்ரோ-இன்னுக்கும் ஸ்டேடியம் எழுந்து நின்றது. மாமா இரு கைகளாலும் ஃபோனைப் பிடித்திருந்தார், ஆனால் அதைப் பார்க்கவில்லை. அவர் உதடு அசைவதை நான் பார்த்தேன். குலோத்துங்கனின் அணி அங்கே ஜெயித்துக்கொண்டிருந்தது. அவர் வேண்டிக்கொண்டது இங்கே பந்து வெளியே போக வேண்டும் என்று.

கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிஷத்தில் மறுபடியும் கௌரவ் போரா. 3-1.

மாமா உட்கார்ந்துவிட்டார். பையன் என் தோளில் ஏறாத குறை. முன்னால் களத்தில் வீரர்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து கிடந்தார்கள். சற்று நேரம் கழித்து மாமா கேட்டார், "அங்க?"

"2-1 தாத்தா. அவங்களும் ஜெயிச்சுட்டாங்க."

"நான்தான் சொன்னேனே," என்றார். கண் கலங்கியிருந்தது. 43-க்கு 42. ஐ-லீகை வென்ற முதல் தமிழ்நாட்டு கிளப். 20 ஆட்டத்தில் 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 48 கோல். இந்தியன் வங்கி அணி தேசிய லீகில் ஆடிய நாட்களிலிருந்து அவர் காத்திருந்தது அது. சென்னையின் எஃப்சி 2015-லும் 2018-லும் இந்தியன் சூப்பர் லீகை வென்றிருக்கிறதே என்று பக்கத்திலிருந்த ஒருவர் கேட்டார். அதற்கும் சந்தோஷப்பட்டேன் தம்பி, ஆனா அது வேற வீடு என்றார் மாமா. அப்போது அந்த லீகில் யாரும் கீழே இறங்கவும் இல்லை, கீழேயிருந்து ஏறி வரவும் இல்லை. ஐ-லீகில் ஏறி வந்தவன் ரியல் காஷ்மீர். ஒரே வருஷத்தில் மூன்றாவது. சென்னை சிட்டியும் 2016-இல் விண்ணப்பம் போட்டு நேரடியாக இடம் வாங்கித்தான் உள்ளே வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்தபிறகு இரண்டு வருஷம் எட்டாவது இடத்தில் கிடந்து, கிடந்த இடத்திலிருந்தே ஏறியது. மாமாவுக்கு அதுதான் லீக்.

சில மாதங்களிலேயே ஐ-லீக் என்ற வீட்டின் கதவைச் சாத்தினார்கள். 2019-20 முதல் இந்தியாவின் முதல்நிலை லீக் ஐ.எஸ்.எல்.தான் என்று அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு முடிவெடுத்தது. ஆசியக் கூட்டமைப்பும் ஒப்புக்கொண்டது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்குப் போனது. ஆக, ஐ-லீக் நாட்டின் உச்ச லீகுகளில் ஒன்றாக இருந்த கடைசி சீசனின் சாம்பியன் நம் சென்னை சிட்டி. களத்தில் ஒரு புள்ளியில் சம்பாதித்த இடத்தை மேஜையில் வைத்து மாற்றிவிட்டார்கள் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பணமும் டி.வி.யும் ஒரு பக்கம் இருந்தன என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு சின்ன ஊர் மைதானத்தில் உதைக்கிற பையனுக்கு மேலே போக ஒரு ஏணி வேண்டும். அதை உயர்த்திக் கட்டுகிறவர்கள் கீழ்ப் படிகளைப் பிடுங்கலாமா?

வென்ற அணி கலைந்தது. எட்வின் சென்னையினுக்குப் போனார். பிறகு அஜித்குமார் பெங்களூருக்கு, ரொமாரியோ கோவாவுக்கு. மஷூர் ஷெரீஃப் இந்தியாவுக்கே ஆடினார். மான்ஸி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போனார். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 1-0 என்று சென்னை சிட்டி தோற்றது. சொந்த ஊர் ஆட்டம் என்று பேர், நடந்தது அகமதாபாத்தில். மாமா மறுபடியும் கோவைக்குப் போகத் தயாராக இருந்தார். இடம் கேட்டதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். மார்ச் 11-இல் அங்கேயே ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாஸியாவுடன் 2-2. அதோடு கொரோனா. 2020-21 சீசன் முழுவதும் கொல்கத்தா வட்டாரத்தில் வைத்து ஆடி முடித்தார்கள். அதற்குப் பிறகு சென்னை சிட்டி லீகில் இல்லை.

ஊரடங்கில் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குக் காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் மாறியது. மாமா ஆடிய பக்கம் முழுக்க வெங்காய லாரிகள். அந்த மாதங்களில் அக்கா மகனுக்கு ஓட இடம் கொள்ளிடத்து மணல்தான். மணலில் ஓடினால் தொடை பலம் பெறும் என்று மாமா அதையும் பயிற்சியாக மாற்றிவிட்டார். கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, "திரும்பிப் பார்த்துட்டு வாங்கு, வாங்கிட்டுத் திரும்பாத" என்று கத்துவார். அவனுக்கு இடது கால் மாமாவிடமிருந்து வந்தது, பாதி திரும்பி நிற்கிற அந்த நிலை சாண்ட்ரோவிடமிருந்து.

அவனுக்குப் பதினெட்டு நிறைந்த வருஷம் சென்னையில் ஒரு சீனியர் டிவிஷன் கிளப் ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. திருச்சியில் இருந்துகொண்டே மேலே போக வழி ஏதும் இல்லை; சென்னைக்குப் போயே ஆக வேண்டும். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் விடியற்காலையில் பல்லவனுக்கு நின்றோம். பூட்ஸை அவன் பைக்குள் வைக்க, மாமா வெளியே எடுத்து லேஸை இரண்டாகக் கட்டிப் பையின் வெளிப்பக்கம் தொங்கவிட்டார். எதற்கு என்று கேட்டால், உள்ளே வைத்தால் ஈரம் போகாது என்றார்.

"கோச் பேக்ல நில்லுன்னா?"

"நில்லு."

"நான் ஃபார்வர்டு தாத்தா."

"கௌரவ் போரா யாரு? பேக்தானே. அன்னைக்கு ரெண்டு கோல் யாரு போட்டா?"

அவனை எடுத்துக்கொண்டார்கள். அந்த சீசன் முழுக்கப் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். கடைசியில் இறங்கிய சில ஆட்டங்களிலும் லெஃப்ட் பேக்.